கடைசிப் பேரு உரியா

சபைக்குப் போற எல்லாருக்கும் ஒரு பட்டியல் மனப்பாடமா தெரியும். நோவா குடிச்சு வெறிச்சான், ஆபிரகாம் பொய் சொன்னான், யாக்கோபு ஏமாத்தினான், மோசே திக்குவாயன், எலியா செத்தா போதும்னு படுத்துட்டான், யோனா கப்பல் ஏறி ஓடிட்டான், தாவீது அடுத்தவன் பொண்டாட்டியை எடுத்துக்கிட்டான், பேதுரு மூணு தடவை இயேசுவைத் தெரியாதுன்னு சொன்னான். இதையெல்லாம் மூச்சு விடாம சொல்லிட்டு, இவங்களையே கர்த்தர் பயன்படுத்தினாருன்னா உங்களைப் பயன்படுத்த மாட்டாரான்னு ஒரு கேள்வியோட முடியும். பிரசங்கத்துல வரும், வாலிபர் முகாம்ல வரும், வாட்ஸ்ஆப்ல ஃபார்வர்டா வரும்.

இந்தப் பட்டியலை நான் குறை சொல்ல வரல, அது என்னைத் தூக்கி விட்ட பட்டியல். முதல் தடவை வேதபாட வகுப்பு எடுக்கச் சொன்னப்போ என்னால முடியவே முடியாதுன்னு அழுதேன், எனக்குள்ள இருக்கிற கோபமும் பொறாமையும் எனக்குத்தானே தெரியும், அப்போ ஒரு பெரியம்மா பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு பேரா சொல்லி, இவங்கள்ல யாரு தகுதியோட வந்தாங்க சொல்லுன்னு கேட்டாங்க. அன்னையிலிருந்து நானும் எத்தனையோ பேருக்கு அதையே சொல்லிக் கொடுத்திருக்கேன்.

ஆனா ஒரு நாள் அதே பட்டியலை எடுத்து ஒருத்தியை அடிச்சுட்டேன். அடிச்சுட்டேன்னுதான் சொல்லணும், வேற வார்த்தை எனக்குக் கிடைக்கல.

எங்க வகுப்புல இருந்த ஒரு தங்கச்சி அவ. குடும்பத்துல நடந்த ஒரு விஷயத்தை, வெளிய யாருக்கும் தெரியக்கூடாத விஷயத்தை, ஜெபம் பண்ணச் சொல்லி ஒரு ஊழியர்கிட்ட தனியா சொல்லியிருக்கா. ரெண்டு வாரம் கழிச்சு அவரு அதைப் பிரசங்கத்துல ஒரு உதாரணமா சொல்லிட்டாரு. பேரு சொல்லல, ஆனா கூட்டத்துல பாதிப் பேருக்கு யாருன்னு புரிஞ்சுடுச்சு. அவ என்கிட்ட வந்து அழுதா. நான் என்ன சொல்லியிருக்கணும்? முதல்ல கூட உக்காந்து அழுதிருக்கணும். நான் சொன்னது என்னன்னா, பாரும்மா, தாவீது எவ்ளோ பெரிய தப்பு பண்ணான், கர்த்தர் அவனைத் தள்ளிட்டாரா, குறை இல்லாத ஊழியக்காரன் யாரு இருக்கா, நீ மன்னிச்சுட்டு ஜெபம் பண்ணு, எல்லாம் சரியாயிடும்.

அவ கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் மெதுவா கேட்டா, "அக்கா, அந்தக் கதையில நான் யாரு?"

எனக்குப் பதில் வரல. அடுத்த வாரத்துல இருந்து அவ வகுப்புக்கு வரல.

அந்தக் கேள்வியை வச்சுக்கிட்டுத்தான் 2 சாமுவேல் 11ஆம் அதிகாரத்தை மறுபடியும் வாசிச்சேன், தாவீது ராஜா உரியாவோட பொண்டாட்டி பத்சேபாளை எடுத்துக்கிட்டு, அவ கர்ப்பமானதும் அதை மறைக்கப் பார்த்து, கடைசியில உரியாவையே கொன்ன அதிகாரம். அதுவரைக்கும் நான் அந்த அதிகாரத்தைத் தாவீது பக்கத்துல நின்னே வாசிச்சிருக்கேன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அவன் எப்படி விழுந்தான், ஏன் விழுந்தான், யுத்தத்துக்குப் போகாம எருசலேம்ல தங்கினதுதான் காரணமா, சாயங்காலம் உப்பரிகையில உலாவினதுதான் காரணமா, இதைத்தான் எல்லா பிரசங்கத்துலயும் கேட்டிருக்கோம். உரியா எங்களுக்கு ஒரு துணைப் பாத்திரம். வருவான், சாவான், கதை தீர்க்கதரிசி நாத்தான்கிட்ட போயிடும்.

ஆனா அந்த அதிகாரத்துல உரியா எவ்வளவு நேரம் நிக்கிறான்னு பாருங்க. 27 வசனத்துல பாதிக்கு மேல அவனைச் சுத்தித்தான் நடக்குது. போர்க்களத்துல இருந்து வரவழைக்கிறாங்க. வீட்டுக்குப் போ, கால் கழுவுன்னு ராஜா சொல்றான். இவன் போகாம அரமனை வாசல்ல சேவகர்களோட படுத்துக்கிறான். ஏன் போகலன்னு கேட்டா, உடன்படிக்கைப் பெட்டியும் இஸ்ரவேலும் யூதாவும் கூடாரத்துல இருக்கு, என் தலைவன் யோவாபும் மத்தவங்களும் வெட்டவெளியில கிடக்காங்க, நான் மட்டும் வீட்டுக்குப் போய் சாப்பிட்டுக் குடிச்சு பொண்டாட்டியோட இருக்கணுமான்னு கேக்குறான். இவன் ஏத்தியன், பொறப்புல வெளி ஜாதி. பெட்டியைப் பத்தி ராஜாவுக்கு ஞாபகம் இல்லாத நேரத்துல இவன் ஞாபகப்படுத்துறான். மறுநாள் ராஜா அவனுக்குக் குடிக்கக் கொடுத்து வெறிக்க வைக்கிறான், அப்பவும் வீட்டுக்குப் போகல. கடைசியில அவனோட சாவை எழுதின கடுதாசியை அவன் கையிலேயே கொடுத்து அனுப்புறான். அவன் அதைப் பிரிச்சுப் பாக்காம பத்திரமா கொண்டுபோய் யோவாப்கிட்ட சேர்க்கிறான். ராஜா அவனை அவ்வளவு தூரம் நம்பினான், அந்த நம்பிக்கையை வச்சுத்தான் கொன்னான்.

இன்னொண்ணு, இதை நான் பல வருஷம் கவனிக்கவே இல்ல. அன்னைக்குக் கோட்டை மதில்கிட்ட செத்தது உரியா மட்டும் இல்ல. அவன் கூட நின்ன இன்னும் சில சேவகரும் விழுந்தாங்கன்னு வசனம் சொல்லுது. ஒருத்தனைக் கொல்றது வெளிய தெரியாம இருக்க, சம்பந்தமே இல்லாத சில வீட்டுலயும் எழவு விழுந்துச்சு. அந்தச் செய்தி வந்ததும் ராஜா யோவாபுக்குச் சொல்லி அனுப்புறது, இதைப் பத்திக் கவலைப்படாதே, பட்டயம் ஒரு நேரம் இவனைப் பட்சிக்கும் ஒரு நேரம் அவனைப் பட்சிக்கும்ங்கிற மாதிரி. சங்கீதம் எழுதின அதே வாய்.

அந்த அதிகாரம் முழுக்க ‘அனுப்பினான்’ ‘ஆள் அனுப்பி’ன்னு வந்துக்கிட்டே இருக்கும், கவனிச்சுப் பாருங்க. யோவாபை அனுப்புறான், அந்தப் பொண்ணு யாருன்னு விசாரிக்க ஆள் அனுப்புறான், அவளைக் கூட்டிட்டு வர ஆள் அனுப்புறான், உரியாவை வரவழைக்க அனுப்புறான், கடுதாசியை அனுப்புறான், துக்க நாள் முடிஞ்சதும் மறுபடியும் ஆள் அனுப்பி அவளைக் கொண்டு வந்துடுறான். அதிகாரம் இருக்கிறவன் எங்கயும் போக வேண்டாம், அனுப்பினா போதும். அப்புறம் 12ஆம் அதிகாரம் முதல் வசனத்தைத் திறந்தா, கர்த்தர் நாத்தானைத் தாவீதுகிட்ட அனுப்பினார்னு இருக்கு. அந்த இடத்துல எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. இவ்வளவு நேரம் அவன் அனுப்பிட்டு இருந்தான், இப்போ அவர் அனுப்புறாரு.

குறையுள்ள மனுஷனை தேவன் எப்படிப் பயன்படுத்துறாருன்னு கேட்டா, எனக்கு இங்கதான் பதில் ஆரம்பிக்குது. முதல்ல அவனுக்கு எதிரா ஒரு ஆளை அனுப்புறாரு. நாத்தான் வந்து ஆறுதல் சொல்லல, எல்லாரும் மனுஷங்கதானே ராஜான்னு சொல்லல. ஒரே ஒரு ஆட்டுக்குட்டி வச்சிருந்த ஏழையோட கதையைச் சொல்றான். அதைக் கேட்டு ராஜா கொதிச்சுப்போய் அந்த ஆட்டுக்குட்டிக்காக நாலத்தனையாத் திருப்பிக் கொடுக்கணும்னு தீர்ப்பு சொல்றான். யாத்திராகமம் 22ல ஆட்டைத் திருடினவனுக்கு இருக்கிற சட்டம் அது, மாட்டுக்கு அஞ்சு, ஆட்டுக்கு நாலு. சட்டம் நல்லாத் தெரிஞ்ச ராஜா. அப்போ நாத்தான், "நீயே அந்த மனுஷன்".

நாத்தானோட கதையில ஆட்டுக்குட்டி அந்த ஏழையோட மடியில படுத்துக்கும், அவன் சாப்பிடுற அப்பத்துலயே சாப்பிடும், அவனுக்கு மகள் மாதிரி இருக்கும். இவ்வளவு விவரம் எதுக்கு? தாவீது தான் பண்ணின தப்பை மட்டும் பார்த்தா பத்தாது, தான் பறிச்சது இன்னொருத்தனுக்கு என்னவா இருந்துச்சுன்னு பார்க்கணும். நான் அந்தத் தங்கச்சிகிட்ட அந்த விவரம் எதையுமே கேக்கல. நேரா மன்னிப்புக்குத் தாவிட்டேன்.

தாவீது மனந்திரும்பினது உண்மைதான், அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. 51ஆம் சங்கீதத்தோட தலைப்பையே பாருங்க, பத்சேபாள் விஷயமா நாத்தான் வந்தப்போ பாடினதுன்னு வெளிப்படையா எழுதியிருக்கு, அதுவும் இராகத்தலைவன்கிட்ட ஒப்புவிச்ச சங்கீதம். அதாவது ஜனங்க கூடிப் பாடறதுக்குக் கொடுத்தது. ராஜாவோட அறிக்கை ஊரே பாடற பாட்டாயிடுச்சு. அப்புறம் இன்னொரு சின்ன விஷயம், 1 நாளாகமம் 3ல தாவீதுக்கும் பத்சேபாளுக்கும் எருசலேம்ல பிறந்த நாலு பிள்ளைங்க பேரு இருக்கு, அதுல ஒருத்தன் பேரு நாத்தான். தீர்க்கதரிசி பேரைத்தான் வச்சாங்கன்னு வேதம் சொல்லல, நான் அப்படித்தான் நினைச்சுக்கிறேன். தன் முகத்துக்கு நேரா விரலை நீட்டினவனோட பேரைச் சொல்லி தினமும் தன் மகனைக் கூப்பிடற ஒரு அப்பாவை நினைச்சுப் பாருங்க. லூக்கா 3ல இயேசுவோட வம்ச வரிசை அந்த நாத்தான் வழியாத்தான் போகுது.

ஆனா மன்னிப்பு கிடைச்ச பிறகும் அந்த வீட்டுல நடந்தது நடந்துச்சு. முதல் குழந்தை செத்துப்போச்சு. அப்பன் செஞ்சதுக்கு அந்தக் குழந்தை ஏன்னு எனக்கு இன்னைக்கும் அடங்காத கேள்வி, யாராவது அதைச் சுலபமா விளக்கினா எழுந்து வெளிய போயிடலாம் போல இருக்கும். அப்புறம் மூத்த மகன் அம்னோன் தன் தங்கச்சி தாமாரைக் கெடுக்கிறான். தாவீதுக்கு ரொம்பக் கோபம் வந்துச்சுன்னு எழுதியிருக்கு. கோபம் வந்துச்சு, அவ்வளவுதான், அடுத்த வசனத்துல ஒண்ணும் நடக்கல. எந்த முகத்தோட கண்டிப்பான்? அந்தப் பொண்ணு அண்ணன் அப்சலோம் வீட்டுல தனிமையில தங்கிடுறா. ராஜா செய்யாத நியாயத்தை ரெண்டு வருஷம் கழிச்சு அப்சலோம் தன் கையில எடுத்துக்கிறான், அண்ணனைக் கொல்றான், பிற்பாடு அப்பனுக்கு எதிராவே எழும்புறான், அவனும் சாகிறான். வாசல் மேல இருந்த அறையில "என் மகனாகிய அப்சலோமே"ன்னு தாவீது அழுதுட்டே போற இடத்தை என்னால இன்னைக்கும் சத்தமா வாசிக்க முடியாது.

பழைய காலத்து ராஜாக்கள் தங்களைப் பத்தி எப்படி எழுதி வச்சாங்கன்னு ஒரு தடவை தேடிப் படிச்சேன். மோவாப் ராஜா மேசா நட்டு வச்ச கல்வெட்டு 1868ல கிடைச்சுது, இப்போ பாரிஸ் லூவர் மியூசியத்துல இருக்கு. இஸ்ரவேலை ஜெயிச்சேன், பட்டணங்களைப் பிடிச்சேன், கட்டினேன், வெட்டினேன்னு போகும். 1993ல தாண் பட்டணத்து இடிபாட்டுல கிடைச்ச கல்வெட்டுல ‘தாவீதின் வீடு’ங்கிற வார்த்தையே இருக்கு, அதுவும் ஒரு ராஜா தன்னோட எதிரிகளைக் கொன்னதைப் பெருமையாச் சொல்றதுதான். ராஜாக்கள் கல்லுல வெற்றியைத்தான் வெட்டுவாங்க. அப்படிப்பட்ட காலத்துல தன் தலைசிறந்த ராஜா கொலை பண்ணான்னு, யாரை, எப்படி, எந்தக் கடுதாசியை வச்சுன்னு ஒரு ஜனம் எழுதிக் காப்பாத்தி, தலைமுறை தலைமுறையா வாசிச்சிருக்கு.

நாளாகமத்துல இந்தக் கதை இல்லதான். 1 நாளாகமம் 20ல தாவீது எருசலேம்ல தங்கினான்னு சொல்லிட்டு நேரா ரப்பா பட்டணத்தைப் பிடிச்சதுக்குப் போயிடும், நடுவுல இருந்த ராத்திரி அங்க இல்ல. ஆனா அதே புத்தகத்துல 11ஆம் அதிகாரத்துல தாவீதோட பராக்கிரமசாலிகள் பட்டியல் வருது, அதுல ஏத்தியனாகிய உரியான்னு பேரு இருக்கு. கதையை விட்டவரு பேரை விடல. 1 இராஜாக்கள் 15ல தாவீது வாழ்நாள் முழுக்க கர்த்தருக்குச் செம்மையா நடந்தான்னு ஒரு பெரிய சாட்சி வருது, அதுக்கு நடுவுலயும் ஏத்தியனாகிய உரியாவின் சங்கதி தவிரன்னு ஒரு வார்த்தையைச் சொருகியிருக்காங்க. பல தலைமுறை தாண்டி மத்தேயு முதல் அதிகாரம், மேசியாவோட வம்ச வரலாறு. அங்க பத்சேபாள்னு எழுதியிருக்கலாம், எழுதல. உரியாவின் மனைவியாயிருந்தவள்னு இருக்கு. கிறிஸ்து பிறந்த கதைக்குள்ள நுழையற வாசல்லயே அந்தச் செத்தவன் பேரு.

பத்சேபாளோட பேரு அங்க இல்லாதது எனக்கு வருத்தம்தான், ஆனா அவளை வேதம் அந்த உப்பரிகைக் காட்சியிலேயே விட்டுட்டுப் போகல. 1 இராஜாக்கள் 2ல அவ மகன் சாலொமோன் சிங்காசனத்துல இருந்து எழுந்து எதிர்கொண்டு வந்து வணங்கி, தனக்கு வலது பக்கத்துல அவளுக்கு ஒரு ஆசனம் போடச் சொல்றான். ஆள் அனுப்பிக் கூட்டிட்டு வரப்பட்டவளுக்கு ஒரு ராஜா எழுந்து நிக்கிறான்.

இப்படி ஒரு தடவை கண்ணு திறந்ததுக்கு அப்புறம் மத்த கதைங்களும் வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சுது. யாக்கோபு வெள்ளாட்டுக்குட்டித் தோலைக் கையில சுத்திக்கிட்டு கண்ணு தெரியாத அப்பாவை ஏமாத்தினான். வருஷங்கள் கழிச்சு அவன் பிள்ளைங்க யோசேப்போட அங்கியை வெள்ளாட்டு ரத்தத்துல தோய்ச்சு அவனை ஏமாத்துறாங்க. அன்னைக்கு அப்பா நீ யாருன்னு கேட்டப்போ, நான் ஏசான்னு சொன்னவன் அவன். யாப்போக்கு ஆத்தங்கரையில ராத்திரி முழுக்கப் போராடினவர் அவன்கிட்ட கேட்டது என்ன? உன் பேரு என்ன? ஆசீர்வாதம் வேணும்னா முதல்ல உண்மையான பேரைச் சொல்லணும். யாக்கோபுன்னு சொல்றான். புதுப் பேரு கிடைக்குது, தொடையும் சுளுக்கிப் போகுது, மறுநாள் நொண்டிக்கிட்டே தான் ஏமாத்தின அண்ணன் முன்னாடி போய் ஏழு தடவை தரையில விழுந்து கும்பிடுறான். தேவனோட சமாதானமாயிட்டேன்னு அண்ணனைப் பார்க்காம வேற வழியில போயிடல.

யூதா கதை இன்னும் ஆழம். யோசேப்பைக் கொல்ல வேண்டாம் வித்துடலாம்னு யோசனை சொன்னவன் அவன், 20 வெள்ளிக்காசு. அப்பாகிட்ட ரத்தத்துல தோய்ச்ச அங்கியைக் காட்டி, இது உம்ம மகனோட அங்கியா பாருங்கன்னு கேட்டாங்க. அடுத்த அதிகாரத்துல மருமக தாமாருக்கு, இளைய மகனைக் கட்டி வைக்கிறேன்னு கொடுத்த வாக்கைக் காப்பாத்தாம அவளைத் தகப்பன் வீட்டுல விதவையாவே உக்கார வச்சிருக்கான். அப்புறம் அவ முக்காடு போட்டு வழியில உக்காந்ததும், இவன் யாருன்னு தெரியாம அவகிட்ட போனதும் நமக்குத் தெரியும். அவ கர்ப்பமா இருக்கான்னு கேள்விப்பட்டதும் கொண்டு வந்து எரிங்கன்னு சொல்றான், எவ்வளவு வேகமான நீதி. அவ அவனோட முத்திரை மோதிரத்தையும் கோலையும் அனுப்பி, இது யாருதுன்னு பாருங்கன்னு சொல்றா. அப்பாகிட்ட கேட்ட அதே ‘பாருங்க’, எபிரெயத்துலயும் ரெண்டு இடத்துலயும் ஒரே சொல்லு. அப்போ அவன் வாயிலிருந்து வருது, "என்னிலும் அவள் நீதியுள்ளவள்".

எல்லார் முன்னாடியும் சொன்னான். அந்த யூதாதான் பிற்பாடு எகிப்துல, பென்யமீனுக்குப் பதிலா நான் அடிமையா இருக்கேன்னு யோசேப்பு முன்னாடி நிக்கிறான். ஒரு தம்பியை வித்தவன் இன்னொரு தம்பிக்காகத் தன்னைக் கொடுக்க வரான். நடுவுல அவனை மாத்தினது எது? எனக்குத் தெரிஞ்சு அவன் வாழ்க்கையில அந்தத் தாமார் சம்பவம் தவிர வேற ஒண்ணும் எழுதப்படல. தேவன் யூதாவைப் பயன்படுத்தினார்னு சொல்றோம். யூதாகிட்ட வேலை செய்ய அவர் தாமாரைப் பயன்படுத்தினாரு, அவ பேரும் மத்தேயு பட்டியல்ல இருக்கு.

எபிரெயர் 11ல விசுவாச வீரர் பட்டியல் போகுது, 32ஆம் வசனத்துல கிதியோன், பாராக், சிம்சோன், யெப்தா, தாவீது, சாமுவேல்னு ஆறு பேரை ஒரே மூச்சுல சொல்லிட்டு நேரம் போதாதுன்னு போயிடுறாரு எழுதினவரு. யெப்தா! யோசிக்காம ஒரு பொருத்தனை, அதாவது நேர்த்திக்கடன், பண்ணி, தன் வீட்டு வாசல்ல இருந்து தம்புரு அடிச்சு ஆடிக்கிட்டே வந்த ஒரே மகளைப் பலியாக்கினவன். அவன் பேரு விசுவாச அதிகாரத்துல வந்ததை நான் மறுக்க முடியாது. ஆனா நியாயாதிபதிகள் 11 அவனோட வெற்றியில முடியல. இஸ்ரவேல் பொண்ணுங்க வருஷா வருஷம் நாலு நாள் அந்த மகளுக்காகப் புலம்பப் போவாங்கன்னு முடியுது. பேரு தெரியாத பொண்ணு, அவளுக்குன்னு காலண்டர்ல நாலு நாள். அந்த நாலு நாளை நம்ம பட்டியல்ல யாரு சொல்றாங்க?

ஆகாரும் அப்படித்தான். விசுவாசத்தின் தகப்பன் ஆபிரகாம் வீட்டுல துன்பப்பட்டு வனாந்தரத்துக்கு ஓடினவ. வேதத்துல கர்த்தருடைய தூதன் முதல்ல தேடிப் போய் பேசினது அந்த அடிமைப் பொண்ணுகிட்ட. என்னைக் காண்கிற தேவன்னு அவருக்கு ஒரு பேரே வச்சா.

இதெல்லாம் வாசிச்ச பிறகு அந்தப் பழைய பட்டியலை என்னால பழைய மாதிரி சொல்ல முடியல. அதுல ரெண்டு விதமான ஆளுங்களை ஒரே கயித்துல கட்டியிருக்கோம். மோசேயோட திக்குவாய் யாரையும் காயப்படுத்தல. எலியா சூரைச்செடி கீழ படுத்துட்டு போதும் கர்த்தாவேன்னு சொன்னது பாவம் இல்ல, களைச்சுப் போன மனுஷன், அதனாலதான் தூதன் கண்டிக்காம அப்பமும் தண்ணியும் கொண்டு வந்து ரெண்டு தடவை எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பலவீனத்துக்கு தேவன் சாப்பாடு அனுப்புறாரு. இன்னொருத்தனை நசுக்கினவன்கிட்ட நாத்தானை அனுப்புறாரு. அனுப்புறது ஒரே தேவன்தான், ரெண்டுமே அன்புதான், ஆனா நாத்தான் தேவைப்படற இடத்துல நாம அப்பத்தைக் கொண்டு போய் வச்சுட்டு இருக்கோம்.

பேதுரு கதையில இது ரெண்டும் சேர்ந்து வருது, அதனால எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். அவன் மறுதலிச்சது கரிநெருப்புக்கிட்ட குளிர்காஞ்சப்போ. கடற்கரையில உயிர்த்தெழுந்த இயேசு கரிநெருப்பு போட்டு மீனும் அப்பமும் வச்சிருக்காரு, அந்த கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டுல இந்த ரெண்டே இடத்துலதான் வருது. முதல்ல வாங்க சாப்பிடுங்கன்னு கூப்பிடுறாரு. அப்புறம் அந்த நெருப்பு வாசனைக்குள்ளேயே மூணு தடவை கேக்குறாரு, என்னை நேசிக்கிறாயான்னு. மூணாவது தடவை பேதுருவுக்கு வலிக்குது. வலிக்கும்னு அவருக்குத் தெரியும், அதைத் தாண்டித்தான் கூட்டிட்டுப் போறாரு. அதே பேதுரு பிற்பாடு அந்தியோகியாவுல யூதர் அல்லாத விசுவாசிகளோட பந்தியில இருந்து பயந்து விலகினப்போ பவுல் எல்லார் முன்னாடியும் முகத்துக்கு நேரா எதிர்த்தான். அப்போஸ்தலன், தூண், குறையுள்ளவன்தானேன்னு விடல. ஏன்னா அங்க பந்தியில இருந்து தள்ளப்பட்டவங்க இருந்தாங்க.

வரி வசூலிச்ச சகேயுவும் ஞாபகம் வரான். இயேசு அவன் வீட்டுக்கு வந்த சந்தோஷத்துல அவன் சொன்னது, அநியாயமா வாங்கினது எதுவா இருந்தாலும் நாலத்தனையா திரும்பக் கொடுக்கிறேன்னு. தாவீது வாயால தீர்ப்பா வந்த அதே நாலு. உரியாவுக்குத் திருப்பிக் கொடுக்கத் தாவீதால முடியாது, அவன் செத்துட்டான். சகேயு ஏமாத்தினவங்க உயிரோட இருந்தாங்க.

என் தங்கச்சியும் உயிரோட இருந்தா. ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் எனக்கு அவ வீட்டுக்குப் போக தைரியம் வந்துச்சு. நான் சொன்னது தப்பு, உன் வலியைக் கேக்காம அவருக்கு வக்காலத்து வாங்கினேன், மன்னிச்சுடுன்னு சொன்னேன். அவ, "அக்கா, அவர் மேடையில சொன்னதை விட நீங்க சொன்னதுதான் ரொம்ப நாள் வலிச்சுது"ன்னு சொன்னா. அதுக்கு மேல நான் ஒண்ணும் பேசல. அவ உரியா கதையை அதுக்குள்ள தனியா எத்தனையோ தடவை வாசிச்சிருக்கா, மத்தேயு ஒண்ணுல அந்த வசனத்தை எனக்கு அவதான் முதல்ல காட்டினா. நான் மேல எழுதினதுல பாதி அவகிட்ட கத்துக்கிட்டது. அவ இப்போ வேற சபைக்குப் போறா.

அதுக்கப்புறம் நாங்க மூணு பேர் அந்த ஊழியரைப் போய்ப் பார்த்தோம். அவர் பொறுமையா கேட்டாரு. கேட்டுட்டு, நானும் குறையுள்ள பாத்திரம்தானே, தாவீதையே கர்த்தர் எடுத்துப் பயன்படுத்தினாருன்னு சொன்னாரு. என்னோட சொந்த வார்த்தையே எனக்கு எதிர்ல உக்காந்து பேசுற மாதிரி இருந்துச்சு. சவுல் ராஜாவும் பாவம் செய்தேன்னு சாமுவேல்கிட்ட சொன்னான், ஆனா அதே வாயால ஜனங்களோட மூப்பர் முன்னாடி என்னைக் கனம்பண்ணும்னு கேட்டான். அந்த வசனம்தான் வழி முழுக்க மனசுல ஓடிச்சு. அவரைச் சவுல்னு நான் தீர்க்கல, அவருக்காக இன்னும் ஜெபிக்கிறேன், தாவீதும் நாத்தான் வர்ற வரைக்கும் மாசக்கணக்கா உடையாமத்தானே இருந்தான். இதுவரைக்கும் அவர் அவகிட்ட மன்னிப்புக் கேக்கல.

வகுப்பு மட்டும் இன்னும் எடுக்கிறேன். இந்த வருஷம் பதிமூணு பதினாலு வயசுப் பிள்ளைங்களுக்குத் தாவீது பாடம் வந்துச்சு. இந்தத் தடவை நான் 11ஆம் அதிகாரத்துல ஆரம்பிக்கல, கோலியாத்துலயும் ஆரம்பிக்கல. 2 சாமுவேல் 23ஐத் திறக்கச் சொல்லி, ராஜாவுக்காக உயிரைக் கொடுக்கத் துணிஞ்ச பராக்கிரமசாலிங்க பேரை ஆளுக்கு ஒண்ணா சத்தமா வாசிக்க வச்சேன். வாயில நுழையாத பேருங்க, சிரிச்சு சிரிச்சு வாசிச்சாங்க. கடைசி வசனம் ஓரத்துல உக்காந்திருந்த ஒரு பையனுக்கு வந்துச்சு. ஏத்தியனாகிய உரியா, ஆக 37 பேர்னு வாசிச்சான்.

அப்புறம் 11ஆம் அதிகாரம் வாசிச்சோம். உரியான்னு பேரு வந்ததும் அந்தப் பையன் சட்டுன்னு நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா, இவரு அந்த லிஸ்ட்ல கடைசியா நான் வாசிச்சவருதானே?"

"ஆமாடா, அவரேதான்."

"அப்போ தாவீதோட ஆளாச்சே, அக்கா?"

"ஆமா"ன்னு சொன்னேன். "தாவீதோட ஆளு."